தந்திப்பெட்டி

எனக்குப் பக்தி சுமார்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னைப் பிடித்துக் கேட்க முடியாது. ஐம்பதுகளில் நாங்கள் ஓசூரில் குடியிருந்தபோது, சனிக்கிழமை மூன்று மணிக்கு ராமர் பஜனை மடத்தில் பெண்கள் கூடுவோம். சாமிக்காக வந்தவர்கள் பாதிப் பேர். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தப்பிக்க வந்தவர்கள் பாதிப் பேர். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஒரு பெட்டிக்காகப் போனேன்.

அதன் சரியான பெயர் சுரமண்டலம். ஒரு பக்கம் சரிவாக வெட்டிய பலகைப் பெட்டி, அதன் மேல் முப்பத்தாறு கம்பிகள். மடியில் வைத்து விரலால் வருட வேண்டும். யாழ் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோமே, அதற்கு இது தூரத்து உறவு. ஊரைவிட்டுப் போன ஒரு மராத்தி பாகவதர் இதை மடத்திலேயே விட்டுப் போயிருந்தார். எங்கள் குழுவில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் உண்டு. எந்த மொழிப் பாட்டை முதலில் பாடுவது என்று வாரம் தவறாமல் சண்டை நடக்கும். ஆனால் கம்பிக்குத் தந்தி என்பதில் மட்டும் மூன்று மொழிக்கும் தகராறு இல்லை. அதனால் அந்தப் பெட்டிக்குத் தந்திப்பெட்டி என்று பெயர் விழுந்துவிட்டது.

என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். சேலத்திலிருந்து ஓசூருக்கு மாற்றலாகி வந்தபோது என் வீணையை பஸ்ஸில் ஏற்ற முடியாமல் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். மூன்று வருஷம் கற்றுக்கொண்டது, விரலில் துருப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மடத்து மூலையில் ஜமக்காளத்துக்கு அடியில் இந்தப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. தட்டித் துடைத்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு அதை வேறு யாரும் தொட நான் விட்டதில்லை.

முப்பத்தாறு கம்பிகளுக்கும் சுருதி சேர்ப்பது முப்பத்தாறு குழந்தைகளை வரிசையாக நிற்க வைக்கிற மாதிரி. கடைசிக் குழந்தையை நிறுத்துவதற்குள் முதல் குழந்தை நகர்ந்திருக்கும். அதனால் ஒரு மணிக்கே மடத்துக்குப் போய்விடுவேன். ஒரு கம்பியை மீட்டுவேன், கேட்பேன், சாவியால் முளையைக் கொஞ்சம் திருகுவேன், மறுபடி மீட்டுவேன். முதல் மாதம் எரிச்சலாக வந்தது. பிறகு ஏதோ நடந்தது. மண்டைக்குள் ஓயாமல் ஓடுகிற பேச்சு, அதாவது மாமியாரின் கடிதம், ரேஷன் அரிசியில் கல், முந்தாநாள் கணவர் சொன்ன ஒரு சுருக்கென்ற வார்த்தை, எல்லாம் கம்பி கம்பியாக அடங்கும். இருபதாவது கம்பிக்கு வரும்போது நான் என்று ஒருத்தி அங்கே இருக்க மாட்டாள், காது மட்டும் இருக்கும். மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்தில் ராம நாமத்தை லட்சம் தடவை எழுதினார்கள். நான் கம்பி திருகினேன். எது மேல் என்று ராமருக்குத்தான் தெரியும்.

அந்தச் சுகம் தலைக்கேறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சுருதி பிசகினால் எனக்குப் பல் கூசும். எங்கள் குழுவில் பிசகாமல் பாடுபவர் போஸ்ட் மாஸ்டர் வீட்டம்மா ஒருவர்தான். கன்னடக்காரர், கீச்சென்ற குரல், ஐந்து கட்டையில் அசையாமல் நிற்பார். அதிகம் பிசகுபவர் உத்தனப்பள்ளி அக்கா.

உத்தனப்பள்ளியிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பெயர். மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கும் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும், கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமை வேலை முடித்து, கைகால் கழுவி, வாசலோரம் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். முன்னால் வந்து உட்காருங்கள் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். கனத்த, தடித்த குரல். எங்கள் சுருதிக்கு அது ஏறவே ஏறாது. ஏறப் பார்த்து, பாதியில் வழுக்கி, கீழே எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கிருந்தே நிம்மதியாகப் பாடுவார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் நினைத்திருக்கிறேன். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

நினைத்ததோடு விட்டேனா? ஒரு சனிக்கிழமை பஜனை முடிந்து எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டிருக்கும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க பாடினா பெட்டியோட சேர மாட்டேங்குது. வாயை மட்டும் அசைங்களேன். சாமிக்கு மனசுதானே முக்கியம்?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரிங்க வாத்தியாரம்மா" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அப்படியே செய்தார். கண் மூடியிருக்கும், உதடு அசையும், சத்தம் வராது. எனக்குப் பல் கூச்சம் நின்றது. அப்படியே இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதமும் பஜனை பிரமாதமாக இருந்ததாக நான் என் கணவரிடம் பீற்றிக்கொண்டேன்.

அவருக்கு ஒரே மகன் என்பதும், அவன் கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறான் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவனிடமிருந்து ஒரு வருஷமாக ஒரு வரி இல்லை என்பதும் தெரியும். யார் கேட்டாலும் "நல்லாத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ராமரிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியைத்தான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் ஆறு கம்பிகள் அறுந்தன. மடத்துக்கு எதிரே வளையல், நூல், சீப்பு விற்கும் கடை பாய் வாராவாரம் பெங்களூருக்குச் சரக்கெடுக்கப் போவார். அறுந்த கம்பியில் ஒரு துண்டை அவரிடம் கொடுத்து, இதே மாதிரி தந்தி வாங்கி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் அதைச் சொல்லிவிட்ட சனிக்கிழமை உத்தனப்பள்ளி அக்கா வரவில்லை. பண்ணையில் ஒரு மாடு கன்று போடத் திணறியதால் எல்லோரையும் நிறுத்திக்கொண்டார்களாம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், மடம் சத்தமில்லாமல் இருந்த நேரத்தில், பாய் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார். செருப்போடு இருந்ததால் தெருவிலேயே நின்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தார்.

"அம்மா! தந்தி வந்திருச்சும்மா!"

வாசலோரம் உட்கார்ந்திருந்தவர் உத்தனப்பள்ளி அக்கா. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குத் தந்தி வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். கல்யாணத்துக்கு யாரும் எங்களுக்குத் தந்தி அடித்ததில்லை. அக்கா எழுந்திருக்கப் பார்த்தார், எழ முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். தலை தூணில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

தண்ணீர் தெளித்தோம், விசிறினோம். பாய் கடைக்கு ஓடிக் கோலி சோடா கொண்டுவந்தார். "என் நாக்கைச் சுடணும், என் நாக்கைச் சுடணும்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அக்கா கண் திறந்ததும் நான் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கம்பிச் சுருளை எடுத்துக் காட்டினேன். "இந்தத் தந்திதான்க்கா. பெட்டிக்குப் போடற தந்தி. வேற ஒண்ணும் இல்லை."

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், இல்லையென்றால் பாயைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகும் அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பொய்யின்னு தெரிஞ்சுபோச்சே, இன்னும் ஏன்க்கா?" என்று கேட்டேன்.

"அந்தச் சத்தம் கேட்டதும் மொதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா வாத்தியாரம்மா? சரி, முடிஞ்சுது, இனிமே வாசலைப் பாத்துட்டு உக்கார வேணாம்னு தோணுச்சு. ஒரு நிமிசம் நிம்மதியா இருந்துச்சு. பெத்தவளுக்கு அப்படி ஒரு நெனப்பு வரலாங்களா?"

அவரே மேலே சொன்னார். தன் தம்பி மகளை மகனுக்குப் பேசி முடித்திருந்தாராம். வெற்றிலை பாக்கு மாற்றுகிற அன்று காலையில் அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டான். அக்கா பின்னாலேயே போய், பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, "நான் செத்தாக்கூட இந்தப் பக்கம் வராதே" என்று கத்தியிருக்கிறார்.

"அதுவரைக்கும் நான் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டதில்லை அந்தப் பையன். இதை மட்டும் கேட்டுட்டான்" என்றார்.

ராமரிடம் வாய்விட்டு அழக்கூட விடாமல் இரண்டு மாதம் இந்தப் பெண்ணின் வாயை நான் அடைத்து வைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே மடத்துக்குப் போனேன். புதுக் கம்பிகளைக் கட்டினேன். பிறகு முப்பத்தாறையும் ஒன்றரைக் கட்டை கீழே இறக்கினேன். இழுத்துக் கட்டிப் பழகிய கம்பி தளர்ந்தால் முரண்டு பிடிக்கும், நிறுத்திய இடத்தில் நிற்காது. மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு கம்பியையும் திருகும்போது அக்காவின் குரல் வழுக்கிப் போய் உட்காருமே, அந்த இடத்தை நினைவிலிருந்து தேடித் தேடிப் பிடித்தேன். அத்தனை நாளும் என் காதுக்காகச் சுருதி சேர்த்தேன். இன்னொருத்தர் தொண்டைக்காகச் சேர்த்தது அன்றுதான். நான் செய்ததில் பூஜை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் வந்ததும் பெட்டியை வருடினேன். போஸ்ட் மாஸ்டர் வீட்டம்மா பாடத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "ஏனிது, என்ன இது? கம்பிக்கு ஜலதோஷமா?" என்றார்.

"ஆமா. இனிமே இப்படித்தான்" என்றேன். "அக்கா, நீங்க எடுத்துக் குடுங்க."

அக்கா நம்பாமல் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். பெட்டியும் அவர் குரலும் ஒன்றாகப் போனபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அழகான குரல் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். ஆனால் அது பொருந்தி உட்கார்ந்தது. போஸ்ட் மாஸ்டர் வீட்டம்மா முறைத்தபடியே கீழ் சுருதியில் இருமி இருமிப் பாடினார். அன்று முதல் எங்கள் குழுவில் யாரும் தந்தி என்று சொல்வதில்லை. கம்பி, கம்பிப்பெட்டி என்றுதான் சொல்வோம். பாய்கூட மாற்றிக்கொண்டார்.

பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளைக்கு வழி என்ன? அக்கா சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். எழுதினேன் என்றால் ஒன்றல்ல, மூன்று. மூன்றுக்கும் பதில் இல்லை. எனக்குப் பொறுமை என்பது ஜாதகத்திலேயே கிடையாது. தந்தி அடித்துவிடலாம் என்று சொன்னேன்.

"வேணாங்க" என்றார் பதறிப்போய். "நான் விழுந்ததைப் பாத்தீங்களே. அவனுக்கும் அப்படித்தானே நெஞ்சு நிக்கும்?"

"படிச்சவங்க யாராவது கூட இருப்பாங்க, படிச்சுச் சொல்லுவாங்க."

"வேணாம்னா வேணாங்க."

நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கணவரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நேராக போஸ்டாபீசுக்குப் போனேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், சுருக்கமாக இருக்க வேண்டும் என்றார் போஸ்ட் மாஸ்டர். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் கூட்டி 'மதர் ஆங்ஷியஸ் ரைட் அட் ஒன்ஸ்' என்று எழுதினோம். அம்மா கவலையாக இருக்கிறார், உடனே எழுது. இதில் பயப்பட என்ன இருக்கிறது? வீட்டுக்கு வரும் வழியில் என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். புதன் கிழமை லேசாக உறுத்தியது. வியாழக்கிழமை சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று பண்ணை வாசல்வரை போனேன். புல் கட்டோடு அவர் வருவதைப் பார்த்துவிட்டு, பயந்து திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. அக்கா இப்போது முன் வரிசையில், எனக்கு எதிரே, வாசலைப் பார்த்து உட்காருவார். நாலு மணி இருக்கும். அவர் பாட்டை எடுத்துக் கொடுக்க நாங்கள் பின்னால் பாடிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்று போனது. கொஞ்ச நேரத்தில் மொட்டைத் தலையோடு ஒரு வாலிபன் வாசலில் வந்து நின்றான். மீசையும் இல்லை. இடுப்பில் புது வேட்டி, கையில் ஒரு மூட்டை. உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றான்.

"திருப்பதி போயிட்டு வந்திருப்பார் போல. லட்டு கேளுங்கோ" என்று என் காதில் சொன்னார் போஸ்ட் மாஸ்டர் வீட்டம்மா.

அக்கா அடியை முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். அவனைப் பார்த்தார். அடுத்த அடி வரவில்லை. என் விரல் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய் நின்றது. அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். முதலில் அவர் பார்த்தது அவன் முகத்தை அல்ல, தலையை. தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்ட பையன் வேறு யாருக்காக மொட்டை போடுவான் என்று அவர் குழம்பியது எனக்கே தெரிந்தது. அவர்கள் வீட்டுத் தெலுங்கில் மெதுவாகக் கேட்டார்.

"யாருடா போயிட்டாங்க?"

"நீதாம்மா" என்றான் அவன்.

சொல்லிவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் இடுப்பிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்துக் காட்டினான். என் தந்தி. கூட வேலை செய்கிறவர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வேறு ஊர் போயிருந்தானாம். திரும்பி வந்தபோது அறையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். தாளில் இருந்ததில் அவர்களுக்குத் தெரிந்த சொல் மதர் ஒன்றுதான். தந்தியில் மதர் என்று இருந்தால் மிச்சத்தைப் படிக்க வேண்டுமா என்ன? இரண்டு நாள் ஆகிவிட்டது, இனி முகம் பார்க்க முடியாது, காரியத்துக்காவது போய்ச் சேர் என்று ஏரிக்கரையில் உட்கார வைத்துச் சிரைத்து அனுப்பியிருக்கிறார்கள். வந்த கடிதங்களையோ அவன் பிரிக்கவே இல்லை. பிரித்தால் திட்டுத்தான் இருக்கும் என்று மூன்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தானாம்.

"வீட்டுக்குப் போற வழியில உன் குரல் கேட்டுச்சு" என்றான். "எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். "தந்தி நான்தான் அடிச்சேன்க்கா. நீங்க வேணாம்னு சொல்லியும் அடிச்சேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவருக்கு என்னிடம் பேச நேரமில்லை. மகனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, புல் அறுத்துக் காய்ப்பேறிய இரண்டு கைகளாலும் அந்த மொட்டைத் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

"நான் செத்தது நல்லதாப் போச்சு" என்றார்.